வெட்டிய வயர்

தன் அக்கா புருஷனின் மின்சாரக் காருக்குப் புது ஸ்பீக்கர் மாட்டியது மெக்கானிக்தான். மெதுவாகப் போகும்போது, தெருவில் நடப்பவர்களை எச்சரிக்க வண்டி போடும் ஊளை பாட்டைக் கெடுக்கிறது என்று அந்த மனுஷன் உயிரை வாங்க, அந்த ஊளைக்கான வயரையும் வெட்டிவிட்டிருந்தான்.

“சவுண்டே எடுக்கல. தண்ட வேலைடா!”

“அக்காவ அடிக்கறதத் தவிர உங்களுக்கு என்ன தெரியும், மாமா?”

ஸ்பேனர் பறந்து வந்து அவன் பல்லை உடைத்தது. பதிலுக்கு அவன் விட்ட குத்தில் மாமாவின் மூக்கு சப்பையானது. கறுவிக்கொண்டே அவர் காரில் ஏறிப் பாட்டை அலறவிட்டார்.

மெக்கானிக் காருக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்து, சண்டையில் சிதறிய ஸ்க்ரூக்களைப் பொறுக்கினான். வண்டி கிளம்பினால் ஊளை கேட்கும், விலகிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

பம்பர் இடுப்பை நொறுக்கியபோதுதான் வயர் ஞாபகம் வந்தது. தொண்டை கிழியக் கத்தினான். மாமாவுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது. சவுண்டில் இப்போது ஒரு குறையும் இல்லை.