மூன்றாவது படி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பேரத்தில் பிறந்தது. பேரத்தில் ஜெயித்தது நான். அதுதான் சிக்கல்.

ஏரிக்கரைக் காட்டில் ஒரு மரவீடு. பள்ளிக்கூட நாள் சிநேகிதர்கள் நான்கு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே மூன்று நாள் தங்குவோம். பல் டாக்டர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர், துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தும் கதை எழுதப்போன நான். இரண்டாம் நாள் மதியம், போன வருஷம் அங்கே நடந்ததைக் கதையாக எழுதி வாசிப்பேன். உடனே பேரம் தொடங்கும். “நான் வழுக்கி விழுந்ததை எடுத்துடு, பாத்திரம் கழுவித் தர்றேன்” என்கிற ரகம்.

2

(“மூடுபனி ஏரியை” என்று ஆரம்பித்திருந்தேன். பயமுறுத்தும் கதைகளில் மூடுபனி இலவச இணைப்பு. வேண்டாம்.)

போன வருஷம் மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று.

“என் பேரைப் போடுடா.”

“என் கதையில யாருக்கும் பேர் கிடையாது.”

“இருபது வருஷமா மாஸ்டர் மாஸ்டர்னே எழுதுற. வேலை நேரம் முடிஞ்சா அதுக்கு நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். பேரைப் போடு. இல்ல, ஆளையே எடுத்துடு.”

“எடுத்துட்டாப் போச்சு.”

“டேய், பிடுங்குறது என் வேலை” என்றான் பல் டாக்டர்.

மாஸ்டர் எழுந்து வாசல்படி இறங்கினான். மூன்று படிகள். எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு: விலை படியாமல் இறங்குகிறவரை முதல் படியில் கூப்பிட்டால் நம் பலவீனம் தெரிந்துவிடும். மூன்றாவது படியில் கூப்பிட வேண்டும். அதையும் தாண்டிவிட்டால் அவர் அடுத்த கடை வாடிக்கையாளர்.

எனக்குத் தெரியும். ஆனாலும் வீம்பு. அவன் பார்க்கட்டும் என்று அவன் வரும் வரிகளையெல்லாம் கோடு போட்டு அடித்தேன். நிமிர்ந்தபோது படியில் ஆளில்லை.

“பசிச்சா வந்துடுவான்” என்றேன்.

“யாரு?” என்றான் கண்ணாடிக்காரன்.

3

விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். நாங்கள் வந்தது மாஸ்டரின் காரில். திரும்பும்போது பல் டாக்டர் ஓட்டினான். பக்கத்து இருக்கையில் என் காலடியில், ஓட்டக் கற்றுத்தருகிறவருக்கென்று வைக்கும் இன்னொரு பிரேக்.

“இது எதுக்குடா?”

“நான் வாங்கும்போதே இருந்துச்சு.”

நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

“வாங்கண்ணே! யாரைத் தேடி வந்தீங்க?”

பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.*

* இன்றுவரை வரவில்லை. இருபது கதைகளைப் புரட்டிப் பார்த்தாயிற்று.

4

இந்த வருஷம், அதே மரவீடு, அதே மதியம். மற்ற இருவரும் படகில் போயிருக்கிறார்கள். நான் அவனைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“மாஸ்டர் வந்தான்.” யாரும் வரவில்லை.

“இடது காதில் தழும்புள்ளவன், கடைசி பிஸ்கட்டை எப்போதும் எனக்கே விட்டுத்தருபவன்” — பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

“அவன் எழுந்து வாசலை நோக்கி” என்று எழுதிவிட்டுப் பயத்தில் நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தினேன். அவன் நிறுத்தவில்லை.

முதல் படி முனகுகிறது.

5

கைவசம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவன் சிரித்தபடி திரும்பி வருகிறான். ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அதை யாரும் வாங்க மாட்டார்கள். மற்றதில் நான் எழுந்துபோய்ப் படியைப் பார்க்கிறேன். அதை எழுத எனக்குத் தைரியமில்லை.

இரண்டாவது படி.

“மாஸ்டர்!” என்று கத்திவிட்டேன். திரும்பவில்லை. முன்பே சொன்னவன்தானே.

அவனுக்கு ஒரு பெயர் வேண்டும். என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கும். வீம்புக்காக நீங்கள் கூப்பிடாமல் விட்ட யாரோ ஒருவரின் பெயர். இப்போது நாக்கு நுனியில் வந்து நிற்கிறதே, அதுதான். வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆனால் கடைக்காரன் பிள்ளையாக ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஏறி வருவது யாராக இருந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம்.

சீக்கிரம். மூன்றாவது படியில் கால்