ருசி பார்க்காத பெட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்குச் சாக்லேட் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்குச் சமம். ஃபஸீலாவுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் இராஜபாளையத்தில் மூன்று பேக்கரிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். பால்கோவாக் கடைக்காரர் சோலைச்சாமி ஒருவர்தான் "கொண்டா, பாப்போம்" என்றிருந்தார். அவரும் வேண்டாமென்றால் அச்சுகளைப் பரணில் போட்டுவிட்டு, இனி சாக்லேட் பக்கமே திரும்புவதில்லை என்று வைராக்கியம். ஆறு வருடமாக அவள் வீட்டில் செய்வதைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் "நீ கடையே வைக்கலாம்டி" என்று சொல்லிச் சொல்லி ஓசியில் தின்றவர்கள்தான்.

அவர் சொன்ன நாள் நோன்பு மாதத்தில் விழுந்தது. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். உருகாமலிருக்க, பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன் ஜாபிர் கொண்டுவந்த பஞ்சைச் சுற்றிலும் பொதிந்திருந்தாள்.

நோன்புப் பிற்பகலில் அவளுக்கு உலகமே தரையிலிருந்து கொஞ்சம் எழும்பித்தான் நிற்கும். மேற்கே மலை நீலமாக மிதந்து கூடவே வந்தது. கண்ணுக்குள் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் தன் சாக்லேட்டுகள் வரிசையாக இருந்தன. முகம் தெரியாத ஒரு பெண் விரலைக் காட்டி "அது என்னது?" என்று கேட்டாள். கண்டக்டர் இரண்டு தடவை கத்திய பிறகுதான் ஃபஸீலா இறங்கினாள்.

கடையில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அந்த வாசனையே அவளைக் கிறங்கடித்தது. சோலைச்சாமி பெட்டியைத் திறந்து பார்த்தார். தொடவில்லை.

"மொத நீ ஒண்ணு தின்னு தாயி. செஞ்சவிய திங்காத பண்டத்த நான் தொடமாட்டேன். எங்க சட்டியிலயும் மொத வாய் எனக்குத்தான்."

"நோன்பு அண்ணாச்சி."

"செய்யும்போது ருசி பாத்திருப்பேல்லா?"

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. காலையில் செய்தது. வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. ஒருவர் நாக்கிலும் படவில்லை.

"யாருமே பாக்கல அண்ணாச்சி."

"சரி, ஒக்காரு. நோன்பு தொறக்க இன்னும் எம்புட்டு நேரமாயிரப் போகுது?"

பால் ஆவிக்குள்ளே தெரு ஆடியது. போகிறவர்கள் எல்லோரும் மெதுவாக நடப்பதுபோல் இருந்தது. பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், பிறகு சாக்லேட்.

கசந்தது. பொடித்த சீனியில் பாதி மிக்சி ஜாரிலேயே கிடப்பது இப்போது கண்முன் தெரிந்தது. 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் காத்துக்கொண்டிருக்கிறார். நோன்பு திறந்த வாயால் முதல் பேச்சே பொய்யா?

"வேண்டாம் அண்ணாச்சி. சீனி கொறஞ்சுபோச்சு, கசக்குது" என்று பெட்டியை மூடப் போனாள்.

"செத்த பொறு."

ஒன்றை வாயில் போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டே மென்றார். இன்னொன்றை எடுத்தார்.

"முப்பது வருசமா இனிப்பத் தின்னு நாக்கு மரத்துக் கெடக்கு தாயி. இப்பத்தான் முழிச்சிருக்கு. கோவா தின்ன வாயி இதத்தான் கேக்கும்."

எழுந்துபோய் கண்ணாடி அலமாரியில் கோவாத் தட்டைத் தள்ளிவைத்து இடம் பண்ணினார். ஃபஸீலா பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த வாரம் சரியா சீனி போட்டு..."

"கெடுத்துராத" என்று பதறினார் சோலைச்சாமி. "இதே மாதிரி மறந்துட்டு வா."