படி வளைவில் இரண்டாவது பெட்டி

காலை பத்து மணிக்கு, மகள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான், அந்தப் பழைய ரவுட்டரை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கினேன். அவள் கண்ணெதிரே இறக்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "அம்மா, நெட் விஷயத்துல மட்டும் கை வெக்காத, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று முந்தின நாள்தான் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்தவள் நான். ஊரே என் விரல் வழியாகத்தான் பேசிக்கொண்டது. இந்தச் சுண்டைக்காய்ப் பெட்டி என்னை என்ன செய்துவிடும்?

தூசியைத் துடைத்தேன். முன்பு இருந்த நெட் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்துபோனது. இரண்டு கொம்பு, அதில் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. கரண்ட் கொடுத்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பரவாயில்லை, உயிர் இருக்கிறது. பின்னால் இருந்த சின்னத் துளையில் ஊக்கை விட்டு, பத்து எண்ணி, பழைய நினைவையெல்லாம் அழித்தேன்.

மூன்று மணிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். மூன்று மணிக்கு என் கணவருக்குப் பேச்சுப் பயிற்சி. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் வலது கையையும் காலையும் பிடித்துக்கொண்டதோடு நின்றிருக்கலாம். பேச்சையும் வாரிக்கொண்டு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில்தான் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. "ம்ஹ்" என்ற ஒரே சத்தத்தை வைத்துக்கொண்டு பசி, கோபம், கேலி எல்லாவற்றையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுக்கிற பெண் வேறு ஊர். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள், வீடியோவில்தான் வருவாள். போன வாரம் முதல் வகுப்பு நடந்தது, நடந்தது என்று சொல்வதே பாவம். அவள் "ஆ" என்று வாயைத் திறந்தாள், படம் அப்படியே நின்றுவிட்டது. குரல் எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. இவர் அந்தத் திறந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அன்று முழுக்கத் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் பிறகு போனில் தன்மையாகத்தான் சொன்னாள். "அம்மா, என் உதட்ட அவர் பாக்கணும், அவர் உதட்ட நான் பாக்கணும். படம் நிக்காம வந்தாதான் இது நடக்கும். அடுத்த தடவையும் இப்படியே ஆச்சுன்னா, நீங்க அவர சென்டருக்குத்தான் கூட்டிட்டு வரணும். அங்க இடம் கிடைக்க நாலு மாசம் ஆகும்மா."

முதல் ஆறு மாதத்தில் வருகிற பேச்சுதான் சுலபமாக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை உறைந்துபோன ஒரு வாயைப் பார்த்துக்கொண்டு கழிக்க நான் தயாராக இல்லை.

வீட்டில் நெட் இல்லாமல் இல்லை. மாடியில் மகள் அறையில் ஜம்மென்று இருக்கிறது. இரண்டு சுவரும் ஒரு கான்கிரீட் தளமும் தாண்டிக் கீழே பின்னறைக்கு வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடுகிறது. அவரைப் பதினெட்டுப் படி ஏற்ற முடியாது. மாடி ரவுட்டரைக் கீழே கொண்டுவரலாம் என்றால், வெளியிலிருந்து வருகிற கேபிள் மகளின் ஜன்னல் வழியாக வருகிறது. அதை மாற்ற ஆள் அனுப்புகிறோம் என்று கம்பெனியில் நான்கு நாளாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் நானே போனைக் கையில் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறி இறங்கிப் பார்த்தேன். படி திரும்புகிற இடத்தில் சிக்னல் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு படி இறங்கினால் போச்சு. ஆக, வளைவில் இரண்டாவது பெட்டி உட்கார வேண்டும். மாடிப் பெட்டி சொல்வதைக் காற்றில் வாங்கி, வயர் வழியாகப் பின்னறையில் இருக்கும் லேப்டாப்புக்குத் தர வேண்டும். இந்தப் பழைய பெட்டியிலேயே 'பிரிட்ஜ்' என்று அதற்கு ஒரு வசதி இருப்பதைப் படித்து வைத்திருந்தேன்.

வயருக்கு எங்கேயும் போக வேண்டாம். என் கணவர் லைன்மேன். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆன பிறகும் அவருடைய பெட்டியில் வயரும் கிளிப்பும் முனை அடிக்கிற கருவியும் அடுக்கு குலையாமல் இருந்தன. எங்களுக்குப் பழக்கமானதே அந்த வேலையில்தான். கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து லைனைச் சரிபண்ணிவிட்டு, எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டு, "கேக்குதா?" என்பார். ஹலோ கிடையாது, ஒன்றும் கிடையாது. "கேக்குது, லைன் ஓகே" என்று நான் சொன்னால்தான் இறங்குவார். நான் வேறு அழைப்பில் மாட்டிக்கொண்டு பதில் சொல்லத் தாமதித்தால் இரண்டாவது "கேக்குதா?" அதட்டலாக வரும். "காது செவிடில்ல சார், கொஞ்சம் பொறுங்க" என்பேன். இப்படி இரண்டு வருடம் முகம் பார்க்காமல் சண்டை போட்டோம். பிறகு முகம் பார்த்துச் சண்டை போட வசதியாகக் கல்யாணம் செய்துகொண்டோம்.

"என்னங்க, உங்க பெட்டிய எடுத்துக்கறேன்" என்றேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ம்ஹ்." சந்தேகமான ம்ஹ்.

"ஒண்ணும் தொலைக்க மாட்டேன். எல்லாம் எடுத்த எடத்துல வெப்பேன்."

படி வளைவிலிருந்து சுவர் ஓரமாக வயரை இறக்கி, கிளிப் அடித்துக்கொண்டே பின்னறைக்குக் கொண்டுவந்தேன். கதவு மூலையில் வயரைச் சடக்கென்று மடக்கித் திருப்பினேன். கட்டில் கம்பியில் டக் டக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். இடது கை விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். மடக்காதே, வளைத்து விடு. கண்டுகொள்ளாத மாதிரி அடுத்த கிளிப்பை எடுத்தேன். டக் டக் டக்.

"சரி சரி, தெரியுது! கம்பத்துல ஏறாமலே மேஸ்திரி வேலை பாக்கறீங்களா?" என்று கிளிப்பைப் பிடுங்கி மறுபடி அடித்தேன். முகத்தின் இடது பாதி சிரித்தது. போன வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். எட்டு நிற இழைகளையும் வரிசையாக்கி முனை அடித்து அவரிடம் நீட்டினேன். இடது கையால் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். "ம்ஹ்" என்று திருப்பிக் கொடுத்தார். அது பாஸ்.

பெட்டியை வளைவில் வைத்து, வயரின் மறுமுனையில் லேப்டாப்பை மாட்டி, செட்டிங்கைத் திறந்தேன். பிரிட்ஜ் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். மாடி வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு கொடுத்தேன். அடுத்து ஒரு கேள்வி வந்தது: நெட்டில் இணைகிற ஒவ்வொரு கருவிக்கும் இந்தப் பெட்டி ஒரு விலாச எண் வழங்கட்டுமா, வேண்டாமா? வழங்கட்டும் என்று முன்னாலேயே டிக் அடித்திருந்தது. நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இணைப்புக் கொடுக்க ஆளில்லாத போர்டு என்பது எங்கள் எக்ஸ்சேஞ்சில் பெரிய குற்றம். டீ குடிக்கப் போனால்கூட இன்னொருத்தி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருப்போம். வழங்கட்டும், நன்றாக வழங்கட்டும் என்று அப்படியே விட்டு, சேமித்தேன். வளைவில் விளக்குகள் பச்சையாக எரிந்தன. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சபாஷின் சூடு ஆறுவதற்குள் மாடியில் கதவு படாரென்று திறந்தது.

"அம்மா!"

தடதடவென்று இறங்கி வந்தவள் வளைவில் புதிதாக முளைத்திருந்த பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். அப்புறம் சுவரில் ஓடிய வயரைப் பின்தொடர்ந்து பின்னறை வாசலுக்கு வந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"பன்னெண்டு பேர் லைன்ல இருந்தாங்கம்மா. நான் பேசிட்டிருக்கேன், பாதியில நெட் செத்துப் போச்சு. என்ன பண்ணித் தொலச்ச?"

"பத்து நிமிஷம் குடு."

"நான் சொன்னேன்ல? தொடாதன்னு சொன்னேன்ல? ஆள் வருவாங்க…"

"எப்படி வருவாங்க, கால்நடையாவா? நாலு நாளா வந்துட்டே இருக்காங்க."

"அப்பா பேசணும்னு உனக்கு மட்டும்தான் ஆசையா? எனக்கு இல்லையா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவர் முன்னால் அழக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மொபைல் நெட்டைத் தேடி மாடிக்கே ஓடினாள்.

நான் வளைவுக்குப் போய்ப் பெட்டியின் கரண்டைப் பிடுங்கினேன். மாடி நெட் திரும்ப வந்துவிட்டது என்று அவள் கத்தினாள். மறுபடி செருகினேன், ஐந்தே நிமிடத்தில் போனது. ஆக, தப்பு என் பெட்டியில்தான். மானம் போகிற விஷயம்தான், ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் எனக்குப் பாதி நிம்மதி. பெட்டியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்து பின்னறையில் உட்கார்ந்தேன். மணி ஒன்று.

டக் டக். அவர் இடது கையின் ஒரே ஒரு விரலை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, தண்ணியா?"

"ம்ஹ்!" கோபமான ம்ஹ். மாடியைக் காட்டினார், என் மடியில் இருந்த பெட்டியைக் காட்டினார், மறுபடி அந்த ஒற்றை விரல்.

ஒன்று. ஒரு ஆள். அட ராமா என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஒரே போர்டில் இரண்டு ஆபரேட்டரை உட்கார வைத்துவிட்டேன்! மாடிப் பெட்டியும் எண் கொடுக்கிறது, என் பெட்டியும் எண் கொடுக்கிறது. போதாக்குறைக்கு இரண்டு பெட்டிக்குமே செட்டிங்கில் இருந்த விலாச எண் ஒன்றேதான், எல்லாப் புள்ளியும் எண்ணும் கடைசி ஒன்று வரைக்கும் அச்சு அசலாக. மகளின் லேப்டாப் வெளியே போக வழி கேட்டால், வழியே தெரியாத என் பெட்டி "இப்படி வா" என்று கூப்பிட்டிருக்கிறது. பிரிட்ஜ் என்றால் அது எக்ஸ்சேஞ்சு இல்லை, வெறும் கம்பம். கம்பம் வாயை மூடிக்கொண்டு வயரைத் தாங்கினால் போதும். என்னை மாதிரியே அதையும் ஆக்கப் பார்த்திருக்கிறேன்.

மறுபடி ஊக்கு, மறுபடி பத்து எண்ணிக்கை. இந்தத் தடவை முதலில் விலாசத்தின் கடைசி எண்ணை இரண்டாக மாற்றினேன். அந்தப் புது விலாசத்தில் உள்ளே போய், எண் வழங்குவதை நிறுத்தினேன். அதற்கப்புறம்தான் மாடி வைஃபையோடு சேர்த்தேன். வளைவில் வைத்து வயரை மாட்டிவிட்டு, மாடியைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். மகள் யாரிடமோ ஆங்கிலத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு நிற்கவில்லை. கீழே லேப்டாப்பில் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. என் கணவர் பெரிய மனதோடு தலையசைத்தார். கண்டுபிடித்தது நான், கம்பீரம் அவருக்கு!

மூன்று மணிக்கு அந்தப் பெண் திரையில் வந்தாள். அவள் கம்மலின் கல் எத்தனை என்று எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

"ஐயா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்காரும்மா" என்றேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு மணிக்கே சாப்பிட்டாச்சு. இன்னைக்கு நல்லாவே சாப்பிட்டாரு."

"கை வலி எப்படி இருக்கு ஐயா?"

"தோள்லதான் கொஞ்சம்…"

அந்தப் பெண் சிரித்தாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன். நீங்க இருந்தா அவருக்குப் பேச வேண்டிய அவசியமே இல்ல."

சுருக்கென்றுதான் இருந்தது. காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிந்தவளுக்கு இதுதான் மரியாதையா? எழுந்து வந்து படி வளைவில், பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று மாதமாக டாக்டருக்கு, உறவுக்காரர்களுக்கு, போனில் கேட்பவர்களுக்கு எல்லோருக்கும் அவருடைய பதிலை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறக்க எடுக்கிற நேரம் எனக்குப் பொறுக்கவில்லை, அதுதான் உண்மை. ஒரே போர்டில் இரண்டு ஆபரேட்டர்.

கீழே அந்தப் பெண்ணின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆ. ஈ. ஊ. இவர் பக்கம் ஒன்றுமில்லை, மூச்சுதான். மகள் ஓசைப்படாமல் இறங்கி வந்து எனக்கு மேல் படியில் உட்கார்ந்தாள். முழங்கால் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

"யோசிச்சு சொல்லாதீங்க ஐயா" என்றது குரல். "வாய்க்குத் தானாப் பழகின வார்த்த ஒண்ணு இருக்கும்ல, வேலையில தெனமும் சொன்ன மாதிரி. அத அப்படியே விடுங்க. அவசரமே இல்ல."

நீண்ட அமைதி. படம் நின்றுவிட்டதோ என்று பதறிப் பெட்டியைப் பார்த்தேன். நிற்கவில்லை. விளக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பெருமூச்சு. கட்டில் கம்பியில் ஒரு டக்.

"கே… க்கு… தா."

மகள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். கல்லும் மண்ணும் கலந்து வந்த குரல், ஆனால் அவர் குரல். எத்தனையோ ஆயிரம் தடவை பதில் சொன்ன வார்த்தை. நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது, மறுபடி முந்திக்கொள்ளக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சொல்வாளோ என்று பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்காரி, இந்த அழைப்பு தனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

"சொல்லும்மா" என்று மகள் கிசுகிசுத்தாள்.

அதற்குள் இரண்டாவது தடவை வந்தது, சேர்த்து, ஒரே மூச்சில், கம்பத்து உச்சியில் வெயிலில் காத்திருப்பவரின் அதே அதட்டலோடு.

"கேக்குதா?"

என் கை பெட்டியின் மேல் இருந்தது. பெட்டி லேசாகச் சுட்டது. விரல்களுக்கு நடுவே பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருக்க, நான் வாயைத் திறந்தேன்.