சுவரில் ஏறிய விரல்கள்

கடல் வந்துபோன மறு வருடம் மருதமுனையில் விதவைகளுக்குத் தறி கொடுத்தார்கள். என் கணவர் ஹமீட் சுனாமி அலையில் மௌத்தானதால் எனக்கும் ஒன்று கிடைத்தது. தங்கை பரீனாவின் வீடும் என் வீடும் ஒரே வளவில், உம்மா சீதனமாகப் பிரித்துத் தந்தவை. நடுவில் ஒரு சுவர்தான். தறியை என் பக்கத்துச் சாய்ப்புக் கொட்டிலில் போட்டோம்.

ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடுவதற்கு வலக்கையால் கயிற்றை வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். யுத்தம் முடிந்ததும், ஆண்கள் உடுக்கும் சாரன் கேட்டுச் சிங்கள வியாபாரிகள் வரத் தொடங்கினார்கள். ஓய்வில்லாமல் இழுத்தேன். முதலில், கொடியில் உடுப்புப் போடும்போது தோள் குத்தியது. பிறகு அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் போனது.

பரீனாதான் என்னை அம்பாறைக்குக் கூட்டிப்போனாள். அவள் கணவர் மர்சூக் அங்கே கடை வைத்திருந்த காலத்தில் கூடவே இருந்தவள் என்பதால் சிங்களம் நன்றாகப் பேசுவாள். எனக்கு ஒரு சொல்லும் வராது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மிஸ் என் கையைத் தூக்கியும் திருப்பியும் பார்த்தார். சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். பிறகு எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று, தன் விரல்களைச் சிலந்தி ஏறுவதுபோல மேலே மேலே நடக்கவிட்டுக் காட்டினார்.

என்ன சொல்கிறார் என்று பரீனாவைக் கேட்டேன்.

"இப்பிடிச் செய்யப்படாதாம் ராத்தா. செஞ்சா நரம்பு அறுந்துபோகுமாம். கட்டி வச்சி ஆட்டாம இரிக்கட்டாம்."

மிஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பரீனா தன் பழைய தாவணியால் என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள். தறிச் சத்தம் நோவைக் கூட்டும் என்று தறியைக் கழற்றித் தன் பக்கம் கொண்டுபோனாள். வந்த ஓடர்களை அவளே நெய்தாள். காலையில் எனக்குச் சோறு பிசைந்து தந்து, தலை வாரிப் பின்னிவிட்ட பிறகுதான் தறியில் இருப்பாள். அவளுக்காக நான் துஆச் செய்யாத தொழுகை இல்லை. தொழும்போது மட்டும் கட்டை அவிழ்ப்பேன். நோன்பு வந்தபோது, தொழுகை தொடங்கும் தக்பீருக்குத் தூக்கிய வலக்கை பாதியிலேயே நின்றது. நரம்பு இன்னும் ஆறவில்லை என்றாள் பரீனா. நம்பினேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு, கல்முனை ஆஸ்பத்திரிக்குத் தமிழ் பேசும் பிசியோதெரபி மிஸ் ஒருவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பரீனா வியாபாரிகளோடு கதைத்துக்கொண்டிருந்தாள். தனியே பஸ் ஏறினேன்.

அந்த மிஸ்ஸின் பெயர் தக்சாயினி. தாவணியைப் பார்த்ததுமே முகம் மாறியது.

"இதை ஆரக்கா கட்டச் சொன்னது?"

சொன்னேன். அவர் ஆறுதலாக விளக்கினார். ஒரே இழுப்பை வருடக்கணக்காக இழுத்ததில் தோளுக்குள் தசைநார் உரசி வீங்கியிருக்கும். இழுப்பைக் குறைத்து, கையைப் பழக்கியிருந்தால் ஆறியிருக்கும். கட்டி வைத்ததில் மூட்டைச் சுற்றிய சவ்வு இறுகிவிட்டது. இனி வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குனிந்து நின்று கையை ஊஞ்சல்போல ஆட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இளக்க வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கும்.

"இதையும் ஒவ்வொரு நாளும் செய்யுங்க" என்று எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றார். அவருடைய விரல்கள் சிலந்திபோல மேலே ஏறின.

அதே சுவர், அதே விரல்கள்.

வீட்டுக்கு வந்தபோது பரீனா தறியில் இருந்தாள். நேரே அவள் பக்கம் போனேன். சுவரில் கையை வைத்து, நோகும்வரை விரல்களை ஏற்றினேன். நாடா நின்றது.

"அம்பாறை மிஸ் காட்டினதும் இதத்தானேகா?" என்று கேட்டேன்.

பரீனா கயிற்றைக் கைவிட்டாள்.

"ஒனக்கு மாப்பிள மௌத்தாகித் தறி கெடச்சிச்சி. எனக்கு மாப்பிள உசிரோட இரிந்ததால ஒண்டும் தரல்ல. அவருக்குக் கடையும் போய், தொழிலும் இல்ல. நீ சுகமானா நான் எங்க போற ராத்தா?"

"கேட்டிருந்தா ஆளுக்குப் பாதி நாள் நெய்திரிக்கலாம்."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் மர்சூக் தறியைக் கொண்டுவந்து என் சாய்ப்பில் பூட்டிவிட்டு, என் முகம் பாராமல் போனார். கயிற்றை இழுக்க எனக்கு இன்னும் ஏலாது. தறி சும்மா கிடக்கிறது. நெய்ய வா என்று அவளைக் கூப்பிட மனம் வரவில்லை.

காலையில் சுவரில் விரல்களை ஏற்றுகிறேன். இப்போது கண் மட்டத்துக்கு வருகிறது. தலையையும் நானே வாருகிறேன். முன்பக்கம் படிகிறது. பின்பக்கத்துச் சிக்குக்கு மட்டும் கை எட்டவில்லை.