கேட்காமல் விட்ட நோவு

கல்விக் கந்தோரில் ஆசிரியர்களின் காப்புறுதி வேலை பார்த்த அதாவுல்லா கிளாக்கருக்குக் காலமெல்லாம் ஒரே பல்லவிதான். "பென்சனுக்குப் போற நாளோட காப்புறுதியும் போயிரும். நோய் நொடி ஏதும் இருந்தா இப்பவே காட்டிப் போடுங்க சேர்." எத்தனை வாத்திமார் அவர் சொல் கேட்டுக் கண்புரையை வெட்டி, முழங்காலைத் திருத்திக்கொண்டு நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள்! ஊருக்குச் சொன்னது அவர் காதில் மட்டும் ஏறவில்லை. ஏறவில்லையா, அவர்தான் ஏறவிடவில்லையா என்பது அல்லாஹ்வுக்கு வெளிச்சம்.

மகள் றுக்ஸானாவுக்கென்று கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. கல்முனைக் கரையில் வீடு கொடுக்காமல் பெண்ணுக்கு நிக்காஹ் பேச முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுவர் எழுப்பினார்கள். நாட்டில் சண்டை முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் நாள் கேட்டார்கள். மேல்தட்டுக் கொங்கிறீற்றுக்கு மட்டும் வங்கியில் காசு மிச்சம் இருந்தது.

அந்த நேரம்தான் ஒருநாள், புதுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி றாஹிலா வாளியை வைத்துவிட்டு, நெஞ்சைப் பொத்திக்கொண்டு தூணில் சாய்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. அதாவுல்லா வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, மேசனோடு சீமெந்து விலை கதைக்கப் போய்விட்டார்.

என்ன செய்யுது என்று கேட்டால் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு முதலில் கைக்காசு கட்ட வேண்டும். கந்தோர் ஆக்களின் குடும்பத்துக்கும் உள்ள அந்தக் காப்புறுதி பிறகுதான் திருப்பித் தரும். கையில் இருந்தது கொங்கிறீற்றுக் காசு. அதைத் தொட்டால் நிக்காஹ் தள்ளிப்போகும், சம்பந்தி வீட்டார் முகம் கோணும். வாயுவாக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். பிறகும் பல தடவை கண்டார், கண்ட கண்ணைத் திருப்பிக்கொண்டார். பாவி மனுசன்!

நிக்காஹ் ஜாம் ஜாம் என்று முடிந்தது. கந்தோரில் பிரியாவிடை வைத்து அவரைப் பென்சனில் அனுப்பினார்கள். அடுத்த மாதம் றாஹிலா குசினியில் சுருண்டு விழுந்தாள்.

"கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே," என்றார் கொழும்பு டாக்டர். "இப்ப இதயம் நல்லாப் பலவீனமாப் போயிட்டுது. ஒப்பரேசன் செய்வம். ஆனா உறுதி சொல்ல ஏலாது."

காப்புறுதி ஏது இனி? பென்சனோடு வந்த மொத்தக் காசையும் கொண்டுபோய்க் கட்டினார். காசு போனது அவருக்கு நோகவில்லை. முந்தி என்றால் எந்த நாள் என்று டாக்டருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகும்போது றாஹிலா அவர் கையைப் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, ஒண்டு சொல்லோணும். இந்த நோவு வீட்டு வேல நடக்கக்குள்ளயே இருந்திச்சி. மகள்ற காரியம் நிண்டு போயிரும் எண்டு ஒங்களுக்கு மறைச்சிட்டன். தெரிஞ்சிருந்தா நீங்க அந்த வீட்ட வித்தாவது என்னக் கொண்டு வந்திருப்பீங்க. புருசனுக்கு மறைச்ச பாவத்தோட நான் மவுத்தாகக் கூடாது. அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

'நான் கண்டன் புள்ள' என்று அதாவுல்லா சொன்னால் போதும். சொல்லி, இந்த நேரத்தில் அவள் நெஞ்சை இன்னும் உடைப்பதா என்று ஒரு சாட்டு உடனே கிடைத்தது. சாட்டுக்கு அவரிடம் எப்போதுதான் பஞ்சம்?

தாதி கட்டிலைத் தள்ளத் தொடங்கினாள்.

"பொறுத்தீங்களா? வாயால சொல்லுங்க," என்றாள் றாஹிலா.

"பொறுத்திட்டன் புள்ள," என்றார் அதாவுல்லா.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.