கண்காணியும் கங்காணியும்

'மரகதச் சிறகு' நாவலைப் படித்தவர் அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே ஒரே ஆள்தான். அவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முருகையா. இந்தச் செய்தி யாருக்காவது மறந்துவிடுமோ என்ற கவலை இருந்ததால், வாரத்துக்கு இரண்டு முறையாவது அவரே நினைவூட்டிவிடுவார். வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதுகூட, "மாரியம்மா... ம், இளவரசிக்கு இந்தச் சாயலில் ஒரு தோழி உண்டு" என்று நிறுத்துவார். தூறலில் நடுங்கிக்கொண்டு நிற்கும் மாரியம்மாவுக்கு அதனால் என்ன லாபம் என்று அவர் யோசித்ததில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு அந்த நாவல் படமாகி, மலையடிவாரத்துத் தாப்பா டவுன் கொட்டகைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தோட்டத்து லோரியில் நாற்பது பேர் மலையிறங்கினார்கள். லோரி ஓட்டியவர் மாடசாமி. தோட்டத்து மன்றத்துக்குத் தலைவரும் அவரே. அடுத்த ஞாயிறு மன்றத்தில் படத்தைப் பற்றிக் கருத்தரங்கம், தலைமைப் பேச்சாளர் கிராணி முருகையா, பேச்சு முடிந்ததும் அவருக்குச் சால்வை என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்தது. அந்தச் சால்வைக்கு எந்தச் சட்டை எடுப்பாக இருக்கும் என்பது மட்டும்தான் பாக்கி.

படம் முடிந்து திரும்பும்போது முருகையா முன்சீட்டை விட்டு இறங்கி, பின்னால் ஜனங்களோடு ஏறிக்கொண்டார். மக்கள் கருத்தைத் திரட்ட வேண்டுமாம். ஏறியதும் முதல் கருத்தை அவரே சொன்னார்:

"படம் நாவலைக் கெடுத்துவிட்டது. குறிப்பாக, முடிவை மாற்றிவிட்டான்."

நாவல் படமானால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாவலின் முடிவு என்ன என்பதுதான் அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஈப்போவிலிருந்த ஒரு உறவினர் நாவலின் முதல் இரண்டு பாகங்களை அவருக்குக் கொடுத்தார். மூன்றாம் பாகத்தைக் கொடுப்பதற்குள் அந்த உறவினர் சொந்த ஊருக்கே கப்பலேறிவிட்டார். முருகையா ஞாயிறுதோறும் மன்றத்தில் உட்கார்ந்து இரண்டு பாகங்களையும் மூக்கால் வாசித்துக் காட்டினார். இரண்டாம் பாகம் முடியும்போது கதாநாயகன் ஒற்றைக் கையால் மலை விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான். முருகையா புத்தகத்தை மூடி, "மூன்றாம் பாகம் வீட்டில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், தர்மம் வென்றது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். ஜனங்களும் எழுந்து போனார்கள். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

லோரி வளைவில் திரும்பியது. கருத்துகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன.

"பனிமலையாம்லா! அந்த ராணி வெறும் ரவிக்கையோட நிக்கிறா, மேல ஒரு சுவெட்டர் கெடையாது" என்றாள் செல்லம்மா. "ஒரு நாளு நம்ம பெரட்டுக்கு வரச் சொல்லு. பல்லு தந்தியடிக்கும்."

"அது பனியா? சாம்பிராணிப் பொகைடி. யாருகிட்ட காட்டுறானுங்க பனிய!"

'இயற்கை வருணனையில் இயக்குநர் தோல்வி' என்று முருகையா மனதுக்குள் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் இருளப்பன் வாயைத் திறந்தார். இருளப்பன் மேல் டிவிசனில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. விசில் ஊதுவதற்கு மட்டும் வாயைத் திறக்கிற ஆள்.

"எல்லாம் சரிலா. கங்காணி எங்க? மூணு மணி நேரம் கண்ணு நோவத் தேடுனேன். வரவே இல்லியே?"

"அதானே!" என்றது லோரி. "ஆயிரங்கண்ணுக் கங்காணிய விட்டுப்புட்டு, ஒரு கோழியக் கயித்துல கட்டித் தொங்க விட்டுருக்கான். கயிறுகூடத் தெரியுது!"

முருகையாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாவலில் மலையுச்சியைக் காப்பது ஆயிரம் கண்ணுள்ள ஒரு ராட்சதப் பறவை. அதற்கு எழுத்தாளர் வைத்த பெயர் 'கண்காணி'. முருகையாவின் மூக்கு வழியாக வெளியே வந்தபோது அது 'கங்காணி' ஆகியிருந்தது. விடியற்காலையில் கங்காணியின் விசிலுக்கு எழுந்திருக்கிற ஜனங்களுக்கு அதில் சந்தேகமே எழவில்லை. மலை இருக்கிறது, மலைமேல் ஏறவிடாமல் ஒருவன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். வேறு யார்?

"அந்தக் கடைசிக் கட்டம் இருக்கே, அதையும் எடுக்கல" என்றாள் செல்லம்மா. "கதாநாயகன் கங்காணி முதுகுல கூடையக் கட்டித் தேயிலை நெரையில எறக்கி விடுவானே! ஆயிரங்கண்ணும் கொழுந்து தேடித் தேடிச் சோந்து, ஒண்ணொண்ணாத் தூங்கிப்போகுமே! எம்மவன் அந்தக் கட்டத்துக்குத்தான் வந்தான். படம் முடிஞ்சப்புறம் எந்திரிக்க மாட்டேன்னு அழுதான்."

"முடிவ மாத்திட்டான்னு கிராணியே சொல்லிட்டாருல்ல. வேலாயி சொன்ன முடிவுதான் முடிவு!"

"எந்த வேலாயி?" என்றார் முருகையா.

லோரியில் ஒரே ஒரு வேலாயிதான் இருந்தாள். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாமல், மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முருகையா நாவல் வாசித்த நாட்களில் மன்றத்துக் கதவோரம் நின்று கேட்டவள். தொங்கிக்கொண்டிருந்த கதாநாயகனை அப்படியே விட்டுவிட மனசு வராமல், மறுநாள் கொழுந்து பறிக்கும் நிரையிலே மிச்சத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நா என்னத்தக் கண்டேன்?" என்றாள் வேலாயி, எலுமிச்சம்பழத்தை எடுக்காமலே. "கிராணியய்யா படிச்சதத்தான் சொன்னேன்."

அவள் திமிராகப் பதில் சொல்லியிருந்தால் முருகையா பிழைத்திருப்பார். அடக்கமாகச் சொல்லிவிட்டாள். வழியில் ரிங்லெட்டில் லோரி நின்றதும், அவர் இறங்கிப் போய் முன்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பவளத்திடம் கொட்டினார்.

"கையெழுத்துப் போடத் தெரியாதவள்! பெருவிரலை மையில் தோய்க்கிறவள்! அவள் சொன்ன முடிவாம்!"

"ஏங்க கத்துறீங்க? நல்லாத்தான இருக்கு. அந்தக் கடைசிக் கண்ணு மட்டும் தூங்காம முழிச்சுக்கிட்டு இருக்கும்ல, அதுக்கு அவ ஒரு தாலாட்டுப் பாடுவா. எனக்கே அழுகை வந்துரும்."

"நீ எப்போது கேட்டாய்?"

"கொழாயடியில. நெறைய தடவ."

அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். தன் வீட்டுக் குழாயடி வரைக்கும் அவள் வந்துவிட்டாள். ஐந்து வருடமாகத் தன் பெயரில் ஒரு கதை ஊர் முழுக்க நடமாடியிருக்கிறது, தன்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. அந்த வாரம் முழுவதும் பெரட்டில் வேலாயி பேரை மட்டும் வாய்க்குள்ளேயே முனகினார். அவள் தலைத்துணி கட்டியிருந்த விதம்கூட அவருக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. மற்ற பெண்களும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அவளைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மாடசாமி ஆபீசுக்கு வந்து, உட்காராமல் நின்றார்.

"கிராணியாரே, சின்ன மாத்தம். வேலாயியும் பேசணும்னு ஜனங்க ஒரே பிடியா நிக்கிறாங்க. நீங்க மொதல்ல ஒரு அஞ்சு நிமிசம்..."

"சால்வை?"

"சால்வை ஒண்ணுதான் இருக்கு."

"அது தெரியும். யாருக்கு?"

"அத அன்னிக்குப் பாத்துக்கலாம்லா" என்று மாடசாமி வெளியே போனார். பிறகு ரொம்ப நேரம் லோரியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. கிளம்பாத லோரியில் ஏறித் தப்பிக்கப் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மன்றம் நிறைந்திருந்தது. இடமில்லாதவர்கள் சன்னலில் தொங்கினார்கள். முருகையா இஸ்திரி போட்ட சட்டையில், கையில் இரண்டு பாகங்களோடு எழுந்தார்.

"அவையோரே! ஒரு பெரும் பிழையைத் திருத்தவே இங்கு நிற்கிறேன். இந்நாவலில் கங்காணி என்று எவரும் இல்லை. இருப்பது கண்காணி. அது ஒரு பறவை."

இருளப்பன் எழுந்தார். "அப்ப நான் கோழியா?"

மன்றம் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. ஜனங்கள் தன் பேச்சுக்கு இவ்வளவு சிரித்து முருகையா பார்த்ததில்லை. இதுவும் தனக்கான சிரிப்பல்ல என்று தெரிந்து இன்னும் வெந்துபோனார்.

"சரி, கோழியோ கங்காணியோ" என்றார் தலைவர் மாடசாமி. "வேலாயி சொல்ற முடிவு பொஸ்தகத்துல இருக்கா, இல்லியா? அத ஒரு வார்த்தை சொல்லிருங்க கிராணியாரே. நாங்க நிம்மதியாப் போறோம்."

முருகையா இரண்டு பாகங்களையும் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். இருக்கிறது என்றால், புத்தகத்தைத் தொடாமலே புத்தகத்தைச் சரியாகச் சொன்னவள் வேலாயி. சால்வை அவளுக்கு. இல்லை என்றால், எங்கே மூன்றாம் பாகம், எடுத்து வாசியுங்கள் என்பார்கள். ஐந்து வருட கௌரவம் காலி.

பின்வரிசையிலிருந்து வேலாயி எழுந்தாள்.

"பொஸ்தகத்துல வேற மாதிரி இருந்தாச் சொல்லிப்புடுங்கய்யா. நா மாத்திக்கிறேன்."

அவள் நிஜமாகவே கேட்டாள். அவள் கண்ணில் ஆவல் இருந்தது. முருகையாவுக்கு வாழ்க்கையில் மிக எளிதான வழி திறந்தது. 'வேறு மாதிரிதான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு, தர்மத்தை இன்னொரு முறை வெல்ல வைத்து உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் சன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது:

"மாத்தாத வேலாயி! ஒஞ்சொல்லுதான் பொஸ்தகம்!"

அவ்வளவுதான். மேடைத் தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"என்னய்யா பொஸ்தகம்? எந்தப் பொஸ்தகம்?" என்று முருகையா கத்தினார். "மூணாம் பாகமே கெடையாதுய்யா! நானே கண்ணால பாத்ததில்ல! அவ எங்கருந்து பாத்தா? கூடையக் கட்டுனது, கண்ணு தூங்குனது, தாலாட்டு, எல்லாம் அவளாக் கட்டுனது! ஒரு வரி நாவல்ல இல்ல! ஒரு வரி!"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். தன் கௌரவம் உடைந்த சத்தம் அவருக்குக் கேட்கத்தான் செய்தது. பரவாயில்லை. தன்னோடு அவளும் விழுந்தால் போதும். இதோ, விழப்போகிறாள்.

"ஆத்தாடி" என்றாள் செல்லம்மா மெதுவாக. "வேலாயி, அதெல்லாம் நீயாவா கட்டுன?"

வேலாயி தலையைக் குனிந்தாள். "தொங்கிக்கிட்டு இருந்தான். பாவமா இருந்துச்சு."

"அப்ப அந்தத் தாலாட்டு?"

"அதுவுந்தான்."

"அடி சண்டாளி! அஞ்சு வருசமா அழ வெச்சியே! அது நீயா?"

மாடசாமி சால்வையை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தார். சன்னலில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். இருளப்பன், தொழில்முறையாக, எல்லோரையும்விடச் சத்தமாக ஊதினார். முதல் வரிசையில் பவளம் கைதட்டிக்கொண்டிருந்தாள். கணவர் பார்ப்பதைக் கண்டதும் தட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். நிறுத்தவில்லை.

புத்தகத்தில் இருந்ததைச் சொன்னவள் என்று இருந்தவரை அவள் வெறும் வேலாயி. இப்போது புத்தகத்தில் இல்லாத கதையைத் தானே கட்டியவள். இந்தப் பதவி உயர்வை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் கிராணி முருகையா, தோட்டத்தின் முன்னிலையில், தம் சொந்த வாயால்.

"சொல்லு வேலாயி! இன்னொரு தடவ, மொதல்லேருந்து!"

முருகையா இரண்டு பாகங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். யாரும் தடுக்கவில்லை. வழிவிட்டார்கள். அது தடுப்பதைவிட மோசமாக இருந்தது. ஒரு காலை வெளியே வைத்தபோது பின்னால் வேலாயியின் குரல் கேட்டது.

"இந்தத் தடவ புதுசா ஒரு ஆளு வர்றாரு. கங்காணிக்குப் பக்கத்துல நின்னு பேர் கூப்புட ஒரு கிராணி."

மன்றம் மொத்தமாகத் திரும்பி வாசலைப் பார்த்தது.

"நல்லவரா, கெட்டவரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பொறுலா. அவரு இன்னும் வந்து நிக்கவேயில்லயே."

வெளியே வைத்த கால் சற்று நேரம் வெளியிலேயே இருந்தது. பிறகு உள்ளே வந்தது. முருகையா கடைசி பெஞ்சில் ஓரமாக, இருளப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கங்காணிக்கு ஆயிரம் கண் இருக்கிறது. கிராணிக்கு எத்தனை என்று அவள் இன்னும் சொல்லவில்லை. ஆயிரத்துக்குக் குறைந்தால் அவர் சும்மா விடுவதாக இல்லை.