மினேசாகாவின் முறைப்பு

எடோ நகரில் தட்டம்மை பரவிய அந்தக் கோடையில், வீட்டுக்கு வீடு ஒரே படம்தான் ஒட்டியிருந்தது. நடிகர் மினேசாகா, வாளும் கயிறும் ஏந்தித் தீக்குள் நிற்கும் ஃபுடோ சாமியாக முறைத்துக்கொண்டிருப்பார். அந்த முறைப்புக்கு நோயே ஓடிவிடும் என்று ஊரே நம்பியது. அச்சுக்கு மரக்கட்டை செதுக்கியவர் என் வீட்டுக்காரர் கிசாபுரோ.

எங்கள் மகள் நுயிக்கு ஐந்து வயது. காய்ச்சல் கண்ட அன்றே அவள் தலைமாட்டில் ஒன்று ஒட்டினேன். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்துவிட்டது.

"அது வெறும் காகிதம்டி. அந்த முழியைச் செதுக்குனவனே நான்தான்," என்றார்.

"அப்ப முழிக்காரரையே போய்ப் பாத்துக்கறேன். நீங்க கட்டையைக் கட்டிக்கிட்டு அழுங்க!"

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

நாடகக் கொட்டகையின் பின்வாசலில் என்னைப்போல், பிள்ளையை அவர் நேரில் முறைக்க வேண்டும் என்று முப்பது தாய்மார் நின்றார்கள். என் முறை வந்தது. முகச்சாயம் கலையாத மினேசாகா என் காதருகே குனிந்தார்.

"எனக்கு இன்னும் அம்மை வந்ததில்லம்மா. பயமா இருக்கு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? சாமியாக்கிட்டீங்களே."

பிறகு நிமிர்ந்து நுயியை முறைத்தார். அவள் அவர் முகத்திலேயே இருமினாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாளில் நுயி போய்விட்டாள். அவள் போன பதினெட்டாம் நாள் படப் பதிப்பாளரின் ஆள் வந்தான்.

"மினேசாகா போயிட்டாருண்ணே. அம்மைதான். சேதி இன்னும் வெளிய தெரியாது. செத்த நடிகருக்குப் போடற சாவுப் படம் நாளைக்குக் கடையில தொங்கணும். பழைய கட்டையில இருக்கற அதே மூஞ்சி போதும். வாளைத் தோண்டிட்டு ஜபமாலை வெச்சிருங்க."

கிசாபுரோ உளியை எடுத்தார். எங்கள் பிள்ளையின் இருமல்தான் அந்த மனிதரைக் கொன்றதா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெண் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஃபுடோ படம் எங்கயுமே கெடைக்கல. பையனுக்கு உடம்பு கொதிக்குது. ஒண்ணு இருந்தா குடுங்கக்கா."

கொடுத்தேன்.

"உங்க வீட்ல குழந்தைக்கு வந்துச்சா? இத ஒட்டுனதும் எறங்கிடுச்சா?"

உள்ளே உளிச் சத்தம் நின்றது.

"எறங்கிடுச்சு," என்றேன்.

அவள் குனிந்து குனிந்து கும்பிட்டுவிட்டு ஓடினாள். விடிந்தால் தெருவெல்லாம் சாவுப் படம் தொங்கும். அதுவரைக்காவது நம்பிக்கொண்டிருக்கட்டும். அதற்கு மேல் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.